அண்ணன், நான், ஒரு படகு

வருகிற ஜூலை முதல் வாரம் மீன் பிடிக்கப் போகிறோம். இடம் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில், டொரொன்டோவிலிருந்து வடக்கே சுமார் 350 கிலோமீட்டர். ஏரியின் பெயர் நிப்பிசிங். மீனின் பெயர் வால்ஐ. வீட்டில் இதை முதலில் சொன்னபோது என் மனைவி, "வாளையா? அதைத்தான் பெரிய மார்க்கெட்ல கூறு போட்டு விக்கிறாங்களே, அதுக்கு எதுக்குங்க கனடா?" என்றாள்.

வாளை இல்லை, வால்ஐ. ஏரியிலும் ஆற்றிலும் வாழ்கிற நன்னீர் மீன். முதுகு பாசிப் பச்சை, விலா பொன்னிறம், வாய் நிறையப் பல். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருப்பதால், இருட்டில் டார்ச் அடித்தால் பூனைக் கண் மாதிரி பளபளக்கும். மற்ற மீன்கள் தடுமாறுகிற மங்கல் வெளிச்சத்தில் இதற்கு நன்றாகக் கண் தெரியும். அதனால் விடியற்காலையும் அந்தியும்தான் இதற்கு இரை தேடும் நேரம். ஒன்டாரியோவில் பலர் பிக்கரல் என்கிறார்கள். கனடாவில் பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு இது 'தொரே'. பொன் பூசியது என்று அர்த்தம். நம்மூரில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மீனை விட, கூட வருகிற ஆளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். என் அண்ணன்.

1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அண்ணன் எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அவருக்குக் கோர்க்காடு பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது, அதை விட்டு எங்கே போவது என்பது அவர் கணக்கு. அண்ணன் சொல்தாவாகச் சேர்ந்து கப்பலேறிப் போனார். அப்போது அவருக்கு இருபத்தொன்று, எனக்குப் பத்து.

அதற்கு முன்பு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில்தான். முதலியார்பேட்டையிலிருந்து நடந்தே போவோம். மூங்கில் கழி, நூல், இறகுக் காம்பில் ஒரு தக்கை. மடவையும் கெளுத்தியும் கிடைக்கும். கொடுவாவுக்கு உயிர் இறால் கோத்துப் போட வேண்டும், அது அண்ணன் மட்டும் செய்கிற வேலை. நான் தகர டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பேசக்கூடாது. பேசினால் தலையில் ஒரு குட்டு விழும்.

பிரான்சுக்குப் போன பிறகு நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வருவார். கல்யாணம், இல்லாவிட்டால் காரியம். பத்து நாளில் உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கவே நேரம் போதாது. அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, நாங்கள் இருவரும் ஒரு தண்ணீர்க் கரையில் சும்மா உட்கார்ந்து. போன குளிர்காலத்தில் அவர் வீட்டுப் படிக்கட்டில் விழுந்து இடுப்பில் அடி. அண்ணன் மகள் போன் செய்து, "சித்தப்பா, அப்பா இந்த வருஷம் எங்கியாவது போனாத்தான் உண்டு. அடுத்த வருஷம் நான் விடமாட்டேன்" என்றாள். நாங்கள் எப்படியும் மூன்று மாதம் டொரொன்டோவில் மகள் வீட்டில் இருக்கப் போகிறோம். பாரிசிலிருந்து டொரொன்டோவுக்கு எட்டு மணி நேரப் பயணம். நம்மூர் வெயிலை அவர் உடம்பு இனித் தாங்காது. அங்கேயே சந்திக்கலாம் என்று முடிவானது.

மீன் பிடிக்கலாம் என்று சொன்னவர் அண்ணன்தான். செர்ஜியில், உவாஸ் ஆற்றங்கரையில் அவர் வருடக்கணக்காகத் தூண்டில் போடுகிறார். அங்கே அவருக்குப் பிடித்தது சாந்தர் என்கிற மீன். வால்ஐயும் சாந்தரும் ஒரே பேரினம், ஒன்று அமெரிக்கக் கண்டத்துக்காரர், மற்றது ஐரோப்பாக்காரர். "ஒண்ணுவிட்ட தம்பிடா அது. அண்ணனை எனக்குத் தெரியும், தம்பியையும் பார்த்துடறேன்" என்று போனில் சிரித்தார்.

முதலில் தேதி. ஒன்டாரியோவின் வடபகுதியில் பல மண்டலங்களில் வால்ஐ பிடிக்க மே மாதம் மூன்றாவது சனிக்கிழமைதான் திறக்கிறார்கள். பனி உருகியதும் அது முட்டையிடும் காலம், அதுவரை தொடக்கூடாது. நம்மூரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கிற மாதிரி. சீசன் திறந்த உடனே போனால் நன்றாகக் கடிக்கும் என்றார் மாப்பிள்ளை. ஆனால் மே கடைசியிலும் ஜூனிலும் மீன் மட்டும் கடிப்பதில்லை. கறுப்பு ஈ என்று ஒன்று உண்டாம், காதுக்குப் பின்னால் கடித்து ரத்தம் வரவைக்குமாம். கொசு வேறு. ஜூலையில் ஈ குறைந்துவிடும், மீன் கொஞ்சம் ஆழத்துக்குப் போய்விடும். எண்பத்து நான்கு வயது ஆளை வைத்துக்கொண்டு நான் ஈ குறைவான மாதத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். மீன் குறைந்தால் குறையட்டும்.

இடத்தில்தான் அண்ணனுக்கும் எனக்கும் வழக்கு. நிப்பிசிங் ஏரியிலிருந்து ஓர் ஆறு கிளம்பி மேற்கே ஜார்ஜியன் விரிகுடாவுக்குப் போகிறது. அதன் பெயரே பிரெஞ்சு ஆறு. 1615-இல் சாம்ப்ளேன் படகில் அந்த வழியாகத்தான் போனார். பிரான்சுவா மர்த்தேன் நம்மூருக்கு வந்தது 1674-இல். அண்ணன் இதைக் கேட்டதும், "அங்கேதான்டா தங்கணும்" என்று குதித்தார். எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே பல விடுதிகளுக்குப் படகில்தான் போக முடியும், போன் சிக்னலும் எல்லா இடத்திலும் கிடைக்காது. அண்ணன் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். கையில் முள் ஏறினாலே ரத்தம் லேசில் நிற்காது. கடைசியில் ஏரிக்கரையில் காலண்டர் என்கிற சின்ன ஊரில் அறை எடுத்திருக்கிறோம். (ஆமாம், ஊர் பெயர்தான்.) பக்கத்திலேயே நார்த் பே நகரம், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒருநாள் மட்டும் பிரெஞ்சு ஆற்றைக் காரில் போய்ப் பார்ப்பது என்று சமாதானம்.

ஏரி சாதாரண ஏரி இல்லை. 870 சதுர கிலோமீட்டருக்கு மேல். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நாலையும் சேர்த்தாலே சுமார் 490தான். ஆனால் சராசரி ஆழம் ஐந்து மீட்டருக்கும் குறைவு. அகலமான, ஆழமில்லாத தண்ணீரில் காற்று எழுந்தால் அலை சட்டென்று உயரும். அதனால் படகோட்டத் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரை அமர்த்தச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்கு இதில் கொஞ்சம் வருத்தம். அவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சின்ன வயதிலேயே கனடாவுக்கு வந்தவர். "நான் ஓடுவன்தானே மாமா" என்றார். ஓட்டுவார், நம்பிக்கை இருக்கிறது. அவர் கண் அண்ணன் மேல் இருக்கட்டும் என்பதற்காகத்தான்.

அடுத்தது உரிமம். 65 வயதுக்கு மேற்பட்ட கனடாவாசிகளுக்கு ஒன்டாரியோவில் மீன்பிடி உரிமம் வாங்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக்காரனுக்கு எத்தனை வயதானாலும் சலுகை கிடையாது, அண்ணனும் நானும் காசு கட்ட வேண்டும். மாகாணத்தை 20 மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு மண்டலம், சில ஏரிகளுக்குத் தனியாகவும் விதி வைத்திருக்கிறார்கள். நிப்பிசிங்கில் வால்ஐ குறைந்துபோனதால் எத்தனை மீன், என்ன நீளம் என்று இறுக்கிவிட்டார்கள். அளவுக்கு ஒவ்வாததை உடனே தண்ணீரில் விட வேண்டும். படகில் அளவுகோல் முக்கியம்.

இரை விஷயம் கேட்டால் சிரிப்பீர்கள். அங்கே வால்ஐக்குக் கோப்பது அட்டைப் பூச்சி. கொல்லிமலையில் காலில் ஏறினால் உப்புப் போட்டு உதறுகிறோமே, அதன் சொந்தம். கடையில் டஜன் கணக்கில் விற்கிறார்கள், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் இரை மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போகக்கூடாது என்பது 2022 முதல் சட்டம். ஈயத் தலை வைத்த கொக்கியில் அதைக் கோத்து, அடியில் தட்டித் தட்டி எழுப்ப வேண்டுமாம். நைலான் நரம்பை மாப்பிள்ளை தங்கூசி என்கிறார். அண்ணன் ஃபில் என்கிறார். படகில் மூன்று பேரும் ஒரே பொருளை மூன்று பெயரில் கேட்போம்.

இதையெல்லாம் விட என்னை யோசிக்க வைத்தது விசா. அண்ணனுக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட். மகள் கணினியில் விவரத்தைப் போட்டு ஏழு டாலர் கட்டினாள், அனுமதி வந்துவிட்டது. எனக்கு 185 டாலர், வங்கிக் கணக்கு, ஓய்வூதியச் சான்று, வீட்டுப் பத்திரம், சென்னைக்குப் போய்க் கைரேகை. சென்னையில் வரிசையில் நிற்கும்போது அப்பாவின் நிலம் ஞாபகத்துக்கு வந்தது. அதைத் தங்கை கல்யாணத்துக்கு விற்றோம். அந்த நிலம் இருந்ததால்தான் நான் இங்கே படித்தேன், வேலை பார்த்தேன், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கொள்ளி வைத்தேன். அண்ணன் இரண்டுக்கும் வர முடியவில்லை. அதைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதில்லை. படகிலும் பேசுவோம் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கேயும் பேசினால் மீன் ஓடிவிடும் என்பார்.

சாப்பாடு பற்றி மனைவிக்குத்தான் கவலை. ஏரி மீன் மண் வாடை அடிக்கும் என்கிறாள். வால்ஐ வெள்ளைச் சதை, முள் குறைவு, இனிப்பாக இருக்கும் என்று மகள் சொல்கிறாள். பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று மாகாண அரசே புத்தகம் போட்டிருக்கிறது. அங்கே கரையிலேயே மாவில் புரட்டி, உருளைக்கிழங்கோடு பொரித்துச் சாப்பிடுவது வழக்கமாம். அண்ணன் கேட்டது குழம்பு. நம்மூர் வடகம் தாளித்து, மாங்காய் போட்டு, அம்மா வைக்கிற மாதிரி. வடகம் உருட்டி மொட்டை மாடியில் காய்கிறது. மாங்காய்க்கு ஸ்கார்பரோ கடைகளைப் பார்த்து வைக்கும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோ அழைப்பில் கொக்கி முடிச்சு போடக் கற்றுக்கொடுத்தார். அவர் விரல் நடுங்குகிறது, எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. மூன்றாவது முறை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்துக் காட்டினேன். "எச்சில் தொட்டு இறுக்குடா" என்றார். இறுக்கினேன், நின்றது. பாஸ்போர்ட் இன்னும் சென்னையிலிருந்து வரவில்லை.