ஒரு சுழி குறைவு

திருவெள்ளறை நாலுமூலைக் கேணியைப் பற்றி நண்பர் ஒரு சின்னக் கையேடு போடுகிறார். இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்றார். ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே கணினி முன் உட்கார்ந்து, கேணியின் பழைய பெயரை அடித்தேன்: மாற்பிடுகு பெருங்கிணறு. திரையில் ‘மாற்பிடுங்கு’ என்று நின்றது. அழித்து அடித்தேன். மறுபடியும் பிடுங்கியது.

பிடுகு என்றால் தெலுங்கில் இடி. இடியைப் பட்டமாகச் சூடுவது பல்லவர் வழக்கம்; மகேந்திரவர்மனுக்குப் பகாப்பிடுகு என்றே ஒரு பெயர் உண்டு. இதெல்லாம் என் கணினிக்கு எப்படித் தெரியும்? தெரியாததுகூடக் குற்றமில்லை. கேட்காமல் மாற்றியதுதான் எரிச்சல். அடுத்த வரியில் வெள்ளறை வெள்ளரி ஆகிவிட்டது. அறை என்றால் பாறை. வெள்ளைப் பாறை மேல் பெருமாள் நிற்பதால்தான் ஊருக்கே அந்தப் பெயர். புண்டரீகாட்சனை வெள்ளரித் தோட்டத்தில் நிறுத்தியதும் பொறுமை போய்விட்டது. அமைப்புகளுக்குள் நுழைந்து, தானாகத் திருத்தும் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். சிவப்புக் கோடு மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன். அது சந்தேகப்படுகிறது, கை வைப்பதில்லை.

கல்வெட்டைப் படித்து அச்சேற்றுகிறவர்களின் முறையும் இதுதான். கல்லில் உள்ளதை உள்ளபடியே போடுவார்கள். பிழை என்று பட்டால் அடிக்குறிப்பில் ‘இப்படி வாசிக்க’ என்பார்கள். பழைய கல்லில் பெரும்பாலும் புள்ளியே இருக்காது. எகரமா ஏகாரமா என்பதையும் படிக்கிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு இருந்தும் மூலத்தில் ஓர் எழுத்தைத் தொடமாட்டார்கள்.

மறுநாள் காலை சத்திரம் பஸ் நிலையத்தில் துறையூர் பஸ் ஏறி, கேணியையே பார்த்துவிட்டு வந்தேன். நான்கு திசையிலும் படி. ஒவ்வொன்றும் பாதியில் மடங்கித் தண்ணீருக்கு இறங்குகிறது. ஒரு துறையில் குளிப்பவரை மறு துறையில் நிற்பவர் பார்க்க முடியாது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4-ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5-ஆம் ஆண்டில் முடித்தவன் கம்பன் அரையன், ஆலம்பாக்கத்து விசைய நல்லூழானின் தம்பி. 1,200 ஆண்டுக் கணக்கு. கல்வெட்டில் அரையனுக்குச் சின்ன ர, வெள்ளறைக்குப் பெரிய ற. எழுத்தை வெட்டியவனுக்குக் கை தவறியிருந்தால் அழிக்க வழியில்லை. உளி இறங்கினால் இறங்கியதுதான்.

வீடு திரும்பி, நிமிர்ந்த தலையோடு கட்டுரையை முடித்து அனுப்பினேன். இரவு நண்பர் கூப்பிட்டார்.

“பிரமாதம் சார். பிடுகு பத்தி எழுதினது ரொம்ப நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணு...”

“சொல்லுங்க.”

“தலைப்புல பெருங்கினறுன்னு போட்டிருக்கீங்க. ஒரு சுழி குறையுது.”

கணினியைத் திறந்து பார்த்தேன். ரெண்டு சுழி னவுக்குக் கீழே சிவப்புக் கோடு அப்படியே நெளிந்துகொண்டிருந்தது. பக்கம் முழுக்க, பிடுகுக்கும் வெள்ளறைக்கும் நல்லூழானுக்கும் கீழேயும் அதே கோடுதான்.