கல்லூரியா, பட்டாளமா?

மே 8, 2025, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட். தம்பி பாஸ். மிட்டாய் வாங்கப் போன அப்பா, கடை டிவியைப் பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்பினார். எல்லாச் சேனலிலும் பாகிஸ்தான் மீது நேற்று தொடங்கிய ‘ஆபரேஷன் சிந்தூர்’ தாக்குதல்தான். தம்பி போன மாதமே நான்கு வருடப் பட்டாளச் சேவையான அக்னிவீர் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தது இன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரிந்தது. “காலேஜுக்கு நாலு வருஷம் கழிச்சுப் போய்க்கிறேம்மா” என்கிறான். அம்மா சாப்பிடவில்லை.

மே 11, ஞாயிறு

நேற்று மாலை சண்டை நின்றது. வீட்டில் பேச்சு வந்தது. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். அக்னிவீர் சம்பளம் முதல் வருடம் மாதம் 30,000, நான்காம் வருடம் 40,000. அதில் 30 சதவீதம் பிடித்தம். நான்கு வருடப் பிடித்தம் 5.02 லட்சம். அரசும் அதே அளவு போட, வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வரி இல்லாமல். மானம் பார்த்துப் பருத்தி போடும் மல்லாங்கிணற்றுக் கரிசல்காட்டில் எங்கள் வீட்டார் யாரும் இவ்வளவு பணத்தை மொத்தமாகப் பார்த்ததில்லை. ஆனால் பென்ஷன் கிடையாது. நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் வீட்டுக்கு.

மே 18, ஞாயிறு

காரியாபட்டியிலிருந்து பட்டாளத்துப் பெரியப்பா வந்தார். அவர் காலத்தில் 15 வருடம் முடித்தால் பென்ஷன். “காலேஜ்ல பின்னாடிகூடச் சேரலாம் தாயி. பட்டாளத்துல 21க்கு மேல சேக்க மாட்டாய்ங்க” என்றார். தம்பி பிறந்தது 2007 டிசம்பர். டிகிரி முடித்துவிட்டுப் போனால் 2028இல் ஒரே ஒரு வாய்ப்புதான் மிஞ்சும். பெரியப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான்கு வருடம் முடித்து வந்தவர்களைக் கேட்கலாம் என்றால், 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போன முதல் அணியே இன்னும் வெளியே வரவில்லை.

மே 25, ஞாயிறு

சிங்கப்பூரிலிருந்து அத்தை போன் செய்தார். அங்கே 1967 முதல் பையன்களுக்குப் படைச்சேவை கட்டாயம். அத்தை மகனும் இரண்டு வருடச் சேவையில் இருக்கிறான். பல்கலைக்கழகம் அவனுக்கான இடத்தை அப்படியே வைத்திருக்கிறதாம். “இங்க யாரு வச்சிருப்பா?” என்றார் அப்பா. அந்தக் கேள்வியில்தான் வழி கிடைத்தது. அக்னிவீரர்களுக்கென்று இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது. பாதி கிரெடிட் படைப் பயிற்சிக்கே கிடைத்துவிடும். மீதியைப் படித்து எழுத வேண்டும்.

மே 27, செவ்வாய்

அரசுக் கலைக் கல்லூரிக்கு இன்றுதான் கடைசி நாள். பிரவுசிங் சென்டரில் கூட்டம். தம்பியை உட்கார வைத்து விண்ணப்பம் போட்டாயிற்று. அரசுப் பள்ளியில் படித்தவன், ‘தமிழ்ப் புதல்வன்’ பணம் மாதம் 1,000 வரும். “சீட் கிடைச்சா போவேன். பட்டாளம் கூப்பிட்டா அங்க போவேன்” என்கிறான்.

ஜூன் 30, திங்கள்

அக்னிவீர் எழுத்துத் தேர்வு இன்று தொடங்கி ஜூலை 10 வரை. இந்த முறை தமிழிலும் எழுதலாம். தேறினால் அடுத்து ஓட்டம்: 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். விடிகாலையில் காரியாபட்டி ரோட்டில் ஓடுகிறான். சீட்டும் கிடைத்துவிட்டதால் காலையில் கல்லூரி பஸ் ஏறுகிறான்.

அம்மாவும் சம்மதித்துவிட்டாள். என் நிபந்தனை ஒன்றுதான்: வேலை கிடைத்துப் போனால் முதல் வருடமே இக்னோவில் பெயர் பதிய வேண்டும். 22 வயதில் பணத்தோடு மட்டும் திரும்புகிறவன் மறுபடி பிளஸ் டூ பையனாகத்தான் வேலை தேட வேண்டியிருக்கும். பட்டாளத்துக்குப் போகலாம், படிப்பைத் தள்ளிப்போடக் கூடாது.