ஒட்டிவைத்த இரகசியம்

ஒன்றை ஆயிரமாக்குவதே அச்சுக்கலையின் பெருமை. முதற் பிரதியும் ஆயிரமாவது பிரதியும் எழுத்துக்கெழுத்து ஒத்திருத்தல் வேண்டும் என்பது அச்சாளனின் இலட்சியம். அவ்விலட்சியத்துக்கு முற்றாக அடங்காத நூலொன்று 1853ஆம் ஆண்டு இலண்டனில் வெளியாயிற்று. தாளிலே பளிங்கின் வரிகளை ஒத்த வண்ணக்கோலங்களை எழுப்பும் கலையைப் பற்றி, அத்தொழிலிலே கைதேர்ந்த சாள்ஸ் வூல்னோ என்பவர் எழுதிய நூல் அது.

பழைய நூல்களின் உள்ளட்டையைத் திறந்தவர்கள் இத்தாளை அறிவர். துருக்கியிலிருந்து பயணிகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தமையால் 'துருக்கித் தாள்' என்றும் அது வழங்கப்பட்டது. அதன் செய்முறை வியப்புக்குரியது. தொட்டியொன்றிலே பிசின் கரைத்த நீரை நிரப்புவர். மாட்டுப் பித்தநீர் கலந்த வண்ணங்களை அதன்மேல் தெளிப்பர். பித்தநீரின் தன்மையால் வண்ணங்கள் அமிழாது, ஒன்றோடொன்று கலவாது, பரந்து மிதக்கும். சீப்பினால் அவற்றை இழுக்க மயிற்கண்களும் அலைகளும் தோன்றும். தாளை மெல்ல மேலே படியவைத்து எடுத்தால் கோலம் முழுவதும் தாளோடு வந்துவிடும். நீரில் மறுதாளுக்கு எதுவும் எஞ்சாது. ஆகவே எவ்விரு தாள்களும் முற்றும் ஒத்திரா.

இவ்வியல்பு அழகுக்கு மட்டுமன்றிக் காவலுக்கும் பயன்பட்டது. கணக்கேடுகளின் விளிம்பிலே இக்கோலத்தை ஏற்றினால், இடையில் ஓர் ஏடு கிழிக்கப்படினும் வரி முறிந்து களவு வெளிப்படும். 1775ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றங்களின் காங்கிரஸ் வெளியிட்ட 20 டொலர் நாணயத்தாளின் ஓரத்திலும், கள்ளத்தாள் செய்வோரைத் தடுக்க இவ்வண்ணமே இடப்பட்டது.

இத்தகைய தாளை அச்சிட்டுக் காட்டுதல் எங்ஙனம்? வூல்னோ கண்ட வழி எளியது. உண்மையான தாளையே துண்டுதுண்டாக வெட்டி நூலில் ஒட்டுவித்தார். எழுத்துப் பகுதி எல்லாப் பிரதிகளிலும் ஒன்றே. மாதிரிகளோ பிரதிக்குப் பிரதி வேறு. இன்று அந்நூல் அரும்பொருளாகப் பேணப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆயினும் நூலின் உண்மையான துணிவு வேறிடத்தில் உள்ளது. இக்கலையின் நுட்பங்களை அறிந்தோர் பிறர்க்குச் சொல்லாது காத்த காலம் அது. பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் 18ஆம் நூற்றாண்டிலேயே அதனைப் படங்களுடன் விளக்கியிருந்தது. எனினும் கைப்பழக்கத்தால் மட்டும் வரும் அறிவு பட்டறைக்குள்ளேயே தங்கிற்று. இரகசியமே தொழிலாளியின் மூலதனம். அதனை ஊரறியச் செய்பவன் தன் சோற்றிலும் சகதொழிலாளியின் சோற்றிலும் கைவைக்கிறான் என்ற அச்சம் நியாயமற்றதன்று.

ஆனால் அத்தொழிலை நலிவித்தது நூலன்று. வெளியீட்டாளரின் துணிக்கட்டும் இயந்திரப் பெருக்கமும் கைத்தாளின் தேவையைக் குறைத்தன. பூட்டிவைத்த இரகசியத்தால் அவற்றைத் தடுக்க இயலவில்லை. 1881இல் வூல்னோவின் நூல் விரிந்த பதிப்பாக மீண்டும் வந்தது. பட்டறைகள் அருகிய பின்னரும் ஆர்வலர்கள் இக்கலையைப் பயிலுதற்கு இத்தகைய நூல்களே துணைநின்றன.

கைத்தொழில் அறிவை மறைத்து வைப்பவன் தன் காலத்தைக் காக்கலாம். அதனை எழுதி வைப்பவன், தனக்குப் பயன் கிட்டாதெனினும், கலையைக் காக்கிறான். தொட்டியின் கோலம் தாளில் ஏறினாலன்றி நிலைப்பதில்லை. கைவல்லோனின் அறிவுக்கும் அதுவே விதி.