எந்தக் கேள்வியோடு போகிறாய்?

பிஎச்.டி. விண்ணப்பத்துக்காக மாணவர்கள் எழுதி எடுத்துவரும் எஸ்.ஓ.பி. என்னும் நோக்க அறிக்கைகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம்." அடுத்த பத்தியில் மதிப்பெண் சதவீதம் வரும். அதற்கடுத்து பி.சி.ஆர்., எலைசா, வெஸ்டர்ன் பிளாட் என்று கற்றுக்கொண்ட முறைகளின் பட்டியல். கடைசியில், உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் சேர்ந்து மனிதகுலத்துக்குத் தொண்டாற்ற விழைகிறேன் என்று முடியும். பெயரை மறைத்துவிட்டால் யார் எழுதியது என்று சொல்லவே முடியாது. இத்தனைக்கும் எழுதியவர்களை நேரில் பார்த்தால் ஒருவர் போல இன்னொருவர் இல்லை.

உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்று அயனம்பாக்கத்தில் குடியிருக்கிறேன். அம்பத்தூர், ஆவடி, திருவேற்காடு பக்கத்துப் பிள்ளைகள் விண்ணப்பத்துக்கு யோசனை கேட்டு வருவார்கள். அக்டோபர் பிறந்தால் வரத்து கூடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு டிசம்பர் முதல் பாதியில் கடைசி நாள். பெங்களூரு என்.சி.பி.எஸ்., மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றுக்கான ஜீபில்ஸ் தேர்வும், சி.எஸ்.ஐ.ஆர். நெட்டின் ஒரு சுற்றும் அந்தக் குளிர்காலத்தை ஒட்டியே வரும். "எங்கே அப்ளை பண்ணலாம், மேடம்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். எதைத் தெரிந்துகொள்ளப் போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் வாடிவிடுகிறது.

அது அவர்கள் குற்றமில்லை. எல்.கே.ஜி. முதல் எம்.எஸ்சி. வரை, வேறொருவர் கேட்டதற்குப் பதில் சொல்லியே வளர்ந்தவர்கள். ஆராய்ச்சிக்குள் நுழையும் வாசலிலும் அதே பழக்கம்தான் எதிர்கொள்கிறது. நெட் உயிர் அறிவியல் தாளில் 3 மணி நேரத்தில் 145 கேள்விகளிலிருந்து 75-க்கு விடை குறிக்க வேண்டும். தப்பான விடைக்குக் கழிவு உண்டு. தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. ஆனாலும் அந்தத் தேர்வை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். என்னும் முதுநிலைக்கு உயர்ந்தால் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளை தன் படிப்பை மட்டும் நம்பிப் பெறக்கூடிய பணம் அது. 2024-இலிருந்து, ஜே.ஆர்.எஃப். வராவிட்டாலும் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம் என்று கணக்கிட்டு பிஎச்.டி.யில் சேரலாம். அந்த 30-இல்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஏனென்றால் அங்கே நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டார்கள். "நீ எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறாய்?" என்பார்கள்.

அயல்நாட்டு விண்ணப்பத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் பல உயிர்மருத்துவத் துறைகள் ஜி.ஆர்.இ. மதிப்பெண் கேட்பதையே விட்டுவிட்டன. சேர்ந்த பிறகு முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வேலை பார்த்துவிட்டு கைடைத் தேர்ந்தெடுக்கலாம். உள்ளே நுழைய எஸ்.ஓ.பி.யும் மூன்று பரிந்துரைக் கடிதங்களும் செய்த ஆராய்ச்சியும்தான் பேச வேண்டும்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. அவள் எழுதி வந்ததும் "சிறு வயதிலிருந்தே" ரகம்தான். அதை ஓரமாக வைத்துவிட்டு வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் சொன்னாள்: "எங்க பாட்டிக்கு டி.பி. வந்து ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாங்க, மேடம். கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி ரொம்ப நாள் இருமல். ஒரே ரூம்ல நாங்க எல்லாரும் படுத்திருந்தோம். சித்தப்பாவுக்கு வந்துச்சு. பாட்டி பக்கத்துலயே இருந்த அம்மாவுக்கு வரல. ஏன்னு எனக்கு இன்னிக்கும் புரியல."

இதுதான் உன் எஸ்.ஓ.பி. என்றேன். அவள் நம்பவில்லை. சொந்த வீட்டுக் கதையை எழுதினால் இரக்கம் தேடுவதாகாதா என்று கேட்டாள். கதையோடு நின்றால் அப்படித்தான் ஆகும். அந்த 'ஏன்' என்பதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் அது அறிவியல்.

மேலே போவதற்கான படிகளில் பல இந்த மண்ணிலேயே கிடக்கின்றன. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுப்பதும் வீட்டிலேயே கொடுப்பதும் ஒன்றுதானா என்று அங்கே சோதித்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. நெரிசலான வீட்டில், போதாத சாப்பாட்டோடு இருந்த சென்னை ஏழைகளும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதும் தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. உலகம் முழுக்க காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்ததற்கு இந்த ஊர் ஆய்வு பெரிய காரணம். அந்தப் பெண்ணின் பாட்டி ஆறு மாதமும் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட முடிந்தது அதன் தொடர்ச்சிதான்.

1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பக்கத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியை லட்சக்கணக்கானவர்களிடம் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது அங்கே தடுக்கவில்லை. பிரிட்டனில் பலன் தந்த ஊசி இங்கே ஏன் தரவில்லை? மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு மைக்கோபாக்டீரியாக்கள் காரணமாக இருக்கலாம் என்பது முதல் பல விளக்கங்கள் உண்டு. விவாதம் இன்னும் முடியவில்லை. நோயாளியோடு நெருங்கி வாழ்ந்தும் தொற்றின் தடயமே காட்டாதவர்களை உகாண்டாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அவள் அம்மாவைப் பற்றி அவள் கேட்ட கேள்வி, உலகின் நல்ல ஆய்வகங்கள் இன்று கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஊரான அயப்பாக்கம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பை ஒட்டித்தான் ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. ஆவடியிலிருந்த தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் இணைத்து 1999-இல் உருவானது. அதன் முதல் இயக்குநர் எம்.டி. குப்தே, அதற்கு முன்பே 1991-இல் தொடங்கிய தொழுநோய்த் தடுப்பூசி ஆய்வை நடத்தியவர். 1,71,400 பேர் பங்கேற்ற ஆய்வு அது. இந்த நிறுவனத்தின் பெயர்ப்பலகையைக் கடந்து தினமும் கல்லூரிக்குப் போய்வந்த மாணவர்கள் உள்ளே என்ன நடக்கிறது என்று அறியாமலேயே பாஸ்டனுக்கு விண்ணப்பம் எழுதுகிறார்கள். பாஸ்டனுக்குப் போகட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? தன் வாசலில் நடந்ததைத் தெரிந்துகொண்டு போகட்டும் என்கிறேன்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "உண்மையானவர், கடின உழைப்பாளி, நல்லொழுக்கம் உடையவர்" என்று நாம் எழுதும் பரிந்துரைக் கடிதம் நடத்தைச் சான்றிதழாகத்தான் படிக்கப்படுகிறது. அந்தப் பிள்ளை செய்த பரிசோதனை சரியாக வராதபோது என்ன செய்தாள், எந்தச் சந்தேகத்தைக் கேட்டு நம்மை யோசிக்க வைத்தாள் என்று ஒரு சம்பவமாவது எழுத வேண்டும். "நீயே டைப் பண்ணிட்டு வா, கையெழுத்துப் போடறேன்" என்று அனுப்புவது அநியாயம். எந்தத் தொடர்பும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கடிதம் ஒன்றுதான் துணை.

வீட்டுக் கவலைகளும் நியாயமானவையே. "இன்னும் அஞ்சு வருஷமா? கல்யாணம் எப்போ டீச்சர்?" என்று அந்த அம்பத்தூர்ப் பெண்ணின் அம்மா என்னிடம் கேட்டார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் பெண்களுக்கு பிஎச்.டி. முடிக்க இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசமும், மகப்பேறுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பும் தருகின்றன என்று சொன்னேன். அயல்நாட்டு விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் ஆகும். காரணம் சொல்லிக் கேட்டால் விலக்குத் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு, கேட்கக் கூச்சப்படக் கூடாது. அங்கே மட்டும் விண்ணப்பிப்பதும் சரியில்லை. 2025-இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி ஆட்டம் கண்டபோது மாசசூசெட்ஸின் யூமாஸ் சான் மருத்துவப் பள்ளி, தந்த சேர்க்கைகளையே திரும்பப் பெற்றது. தரமணியில் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம், ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி. என்று இங்கேயும் நல்ல இடங்கள் இருக்கின்றன. எங்கே போனாலும் சேரும் முன் அந்த ஆய்வகத்தில் இப்போது படிப்பவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். கைடு எப்படிப்பட்டவர் என்பது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட முக்கியம்.

மறுப்பு வரும். கமலா சோஹோனி 1933-இல் இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் சி.வி. ராமன் மறுத்தார். கமலா விடவில்லை, நிபந்தனைகளோடு உள்ளே போய், 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவரானார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் பிஎச்.டி. முடித்த கையோடு உயிரியலில் மறுபடி மாணவராகச் சேர விண்ணப்பித்தார். ஏற்கெனவே பட்டம் இருக்கிறதே என்று தயங்கிய இடங்கள் உண்டு. சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றவரும் அவரே. இருவருக்கும் தாங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது எது என்று தெரிந்திருந்தது. மறுப்பைத் தாண்டுகிற பலம் அதிலிருந்துதான் வந்தது என்று நம்புகிறேன்.

அந்தப் பெண் எஸ்.ஓ.பி.யை முழுக்க மாற்றி எழுதினாள். முடிவு எப்படி வந்தாலும் அவளுக்கு இனி ஒரு வேலை இருக்கிறது. நம் கல்லூரிகளிடம் நான் கேட்பது சிறிய காரியம். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாணவரும் தன் தெருவில், தன் வீட்டில் கண்ட நோயைப் பற்றித் தனக்கு விளங்காத ஒன்றைக் கொண்டுவரட்டும். அதற்கு மதிப்பெண் வேண்டாம். அதைப் பற்றி இதுவரை யார் என்ன கண்டிருக்கிறார்கள் என்று சேர்ந்து தேடுங்கள். இரண்டு பருவம் இப்படிப் பழகிய பிள்ளைக்கு விண்ணப்பம் எழுத என் உதவி தேவைப்படாது.