நான்கு வினாடி வானம்

பெங்களூரில் இரவு உண்டு, இருட்டு இல்லை. இதை நான் இரவல் காமிரா ஒன்றால் அறிந்தேன்.

சென்ற மார்கழியில் ஓர் இரவு, விடுதி மொட்டைமாடியில் முக்காலியை நிறுத்தினேன். திருவாதிரைக்குச் சற்றுத் தள்ளி மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குத் தெற்கே புகைபோல் தெரிவது ஓரியன் நெபுலா. சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவு. அதைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பவேண்டும் என்று ஆசை. மங்கலான பொருள்தானே, நெடுநேரம் திறந்து வைத்தால் போயிற்று என்று, ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு ஏற்றி 30 வினாடி விட்டேன்.

"என்னடா, மோர்க்குழம்பைப் படம் பிடித்தாயா?" என்றான் அறை நண்பன்.

மஞ்சள் வானத்தில் விண்மீன்கள் அரிசிபோல் நீண்டிருந்தன. பூமி சுழல்வதை நான் மறந்துவிட்டேன். 500ஐ லென்சின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பதே வினாடிக் கணக்கு. என் காமிராவின் சென்சார் சிறியது, ஆகவே 50 மி.மீ. லென்சை 75 என்று கொள்ளவேண்டும். ஆறே முக்கால் வினாடிகூட வரவில்லை! அதையும் தாராளக் கணக்கு என்றே சொல்வார்கள். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் ஒளி கூடும் என்று நினைத்தது அடுத்த பிழை. வந்த ஒளியைப் பெருக்கிக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. தெருவிளக்கையும் சேர்த்தே பெருக்கும்.

கோரமங்கலாவிலிருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியே இந்நகரில் இல்லை. 1986 முதல் அது 175 கிலோமீட்டர் தள்ளி, நம் ஜவ்வாது மலைக் காவலூரில் இருக்கிறது. எனக்கோ மறுவாரம் பரீட்சை, மாடிதான் காவலூர்.

மறுநாள் இரவு ஐ.எஸ்.ஓ. 800, துளை 2.8, நான்கு வினாடி. பிரகாசமான விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை லென்சைத் திருகினேன். இதற்கே அரைமணி ஆயிற்று. பிறகு ரா கோப்பாக 225 படங்கள்: மொத்தம் 15 நிமிட ஒளி. லென்சை மூடிச் சில கறுப்புப் படங்களும் எடுத்துக்கொண்டேன், சென்சாரின் சொந்தக் கறைகளைக் கழிக்க. கணிப்பொறியில் அடுக்கிச் சராசரி கண்டால், படத்துக்குப் படம் மாறும் பொரிப்பொரியான இரைச்சல் பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். மாறாத நெபுலா நிற்கும். நகர வெளிச்சத்தையும் பெரும்பாலும் கழித்துவிடலாம்.

விடியுமுன் இளஞ்சிவப்பாக ஒரு சிறகு விரிந்தது. உடனே அப்பாவுக்கு அனுப்பினேன்.

"இது நம் களத்துமேட்டிலிருந்து வெறுங்கண்ணுக்கே புகையாகத் தெரியுமே! இதற்கா தூக்கம் விழித்தாய்?" என்று பதில் வந்தது.