பால் வராத நாளுக்குக் கழிப்பதில்லையா?

"எனக்குக் காபி வேண்டாம்மா, தாகமே இல்லை" என்றார் என் மாமியார்.

கோடைக்கானல் குளிரில், காலை ஏழு மணிக்கு, காபி என்றால் உயிரையே விடுகிற என் அத்தை வேண்டாம் என்கிறார்! எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதல் நாள் ராத்திரி தலைமாட்டில் வைத்த தண்ணீர்ச் சொம்பு வைத்தது வைத்தபடி இருந்தது. பிறகுதான் பளிச்சென்று உறைத்தது. டாய்லெட் மாடியில் இருந்தது. பதினான்கு படிகள். அத்தைக்கோ இரண்டு முழங்காலும் தேய்ந்து போனவை. ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்க வேண்டுமே என்று பயந்து, அவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டிருக்கிறார்!

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "கீழேயே டாய்லெட் இருக்கிறது என்று சொல்லித்தானே நம்மிடம் பணம் வாங்கினார்கள்? இதைச் சும்மா விடப்போவதில்லை" என்று அந்த நிமிஷமே தீர்மானித்தேன். சண்டை, சச்சரவு என்றால் காத தூரம் ஓடுகிற எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ!

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் திருச்சிக்காரர்கள். 2025 மே மாதம் வெயில் தாங்காமல், மூன்று நாள் கோடைக்கானல் போய்வரலாம் என்று இவர் சொன்னதும் வீடே குதூகலமாகிவிட்டது. இரண்டாவது படிக்கும் பெண், பதினொரு மாதப் பிள்ளை, அத்தை, நாங்கள் இருவர். கைக்குழந்தையையும் வயதானவரையும் வைத்துக்கொண்டு ஓட்டல் அறை சரிப்படாது, சமையலறையோடு ஒரு வீடாக எடுத்துவிட்டால் சௌகரியம் என்று நான்தான் யோசனை சொன்னேன். கோடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரம். மே மாதத்திலும் ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் வேண்டும், பால் காய்ச்ச அடுப்பு வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும். சாதாரணப் பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, குக்கர் இருந்தே தீரவேண்டும். இதையெல்லாம் யோசித்துத்தான் வீடு தேடினேன்.

செல்போனில் இரண்டு வீடுகளின் விளம்பரம் பார்த்தோம். இரண்டும் ஒரே சாலையில் இருப்பவை. ஒன்றுக்கு ஒரு ராத்திரிக்கு ரூ. 3,500. ஆனால் சமையல் வசதி கிடையாது, டாய்லெட் மாடியில் என்று அந்த மனிதர் ஒளிக்காமல் போட்டிருந்தார். இன்னொன்று ரூ. 5,000. கீழ்த்தளத்தில் படுக்கையறை, அதை ஒட்டி வெஸ்டர்ன் டாய்லெட், 24 மணி நேரமும் வெந்நீர், காஸ் அடுப்பு, குக்கர், டி.வி., ராத்திரி குளிர்காயத் தோட்டத்தில் கணப்பு என்று நீளமான பட்டியல். "ஆயிரத்தைந்நூறு அதிகமானாலும் பரவாயில்லை, அம்மாவுக்குச் சிரமம் இருக்கக்கூடாது" என்றார் இவர். அப்படியும் எனக்கு மனசு கேட்கவில்லை. "மாமியாருக்கு முழங்கால் வலி. கீழேயே டாய்லெட் உண்டுதானே?" என்று வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். "எல்லாம் இருக்கு மேடம், கவலைப்படாம வாங்க" என்று பதில் வந்தது. மூன்று ராத்திரிக்கு ரூ. 15,000 அனுப்பினோம். மலைக்குப் போக இ-பாஸ் வேண்டுமே, அதையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

திண்டுக்கல், வத்தலக்குண்டு தாண்டி, மலைப்பாதையில் பிள்ளை இரண்டு தடவை வாந்தியெடுத்து, வெள்ளி நீர்வீழ்ச்சியில் முகம் கழுவி, ஒருவழியாகச் சாயங்காலம் வீட்டை அடைந்தோம். வாசலில் பூச்செடிகள், ஜன்னலில் மேகம். "அடடா!" என்று சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே போனால் கீழ் டாய்லெட்டில் கோப்பையே இல்லை! சிமெண்ட் மூட்டை இரண்டு, உடைத்துப் போட்ட ஓடுகள். கீஸரில் விளக்கு எரிகிறது, தண்ணீர் சுடவில்லை. அடுப்பு இருக்கிறது, சிலிண்டர் காலி.

காவலுக்கு இருந்த பெரியவர் கையைப் பிசைந்தார். "ரிப்பேர் பண்ணச் சொல்லி ஒரு மாசமா சொல்லிக்கிட்டே இருக்கேம்மா. மொதலாளி சீசன் முடியட்டும்கிறாரு" என்றார். அவர்மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? தோட்டத்து மூலையில் கல் கூட்டி, விறகு மூட்டி, பெரிய அண்டாவில் குழந்தைக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்த புண்ணியவான் அவர்தான்.

வீட்டுக்காரருக்கு உடனே போன் செய்தோம். அவர் இருப்பது வேறு ஊரில். "நாளைக்குக் காலையில சிலிண்டர் வந்துடும், கீஸருக்கு ஆள் வந்துடுவான்" என்றார். வேறு இடம் பார்க்கலாமென்றால், ஊரெங்கும் சீசன் கூட்டம். ஒரு அறை கூடக் காலியில்லை. மறுநாள் சிலிண்டரும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கடையில் இட்லி வாங்கிவந்து சாப்பிட்டோம். பிள்ளைக்குப் பாலைப் பக்கத்து டீக்கடையில் கெஞ்சிக் காய்ச்சி வாங்கிவந்தார் இவர். அன்றைக்குக் காலையில்தான் அத்தை காபி வேண்டாம் என்றது.

அன்று முதல் எங்கள் கட்டிலை மாடிக்கு மாற்றி, அத்தையை மெதுவாகக் கைத்தாங்கலாக ஏற்றி, டாய்லெட் பக்கத்திலேயே அவருக்குப் படுக்கை போட்டோம். சாப்பாடும் மாடிக்கே போயிற்று. "வேளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என் எதிரிலேயே குடிக்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வயதானவர்கள் தண்ணீரைக் குறைத்தால் மயக்கம், நீர்க்கடுப்பு, மலச்சிக்கல் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். குளிரில் தாகமும் தெரியாது. நாம்தான் கவனிக்க வேண்டும். அத்தை தண்ணீர் குடித்தார். ஆனால் ஏரியைப் பார்க்க ஒரே ஒருநாள்தான் இறங்கி வந்தார். ஆசையோடு புறப்பட்டவர், மீதி நேரமெல்லாம் ஜன்னலோரம்.

ஊர் திரும்பியதும் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். "போனா போகுது விடு. திருப்பிக் கேட்டா அசிங்கம். மூணு நாளும் தங்கிட்டு வந்து காசு கேக்கறாங்கம்பான்" என்றார் இவர். எனக்கும் உள்ளூரச் சங்கோஜம்தான். அப்போது தற்செயலாகப் பால் கணக்கு நோட்டு கண்ணில் பட்டது. மே மாதத்தில் நாங்கள் ஊரில் இல்லாத நாட்கள், பால்காரரே வராத ஒரு நாள் எல்லாவற்றுக்கும் நேரே கோடு போட்டிருந்தேன். மாதக் கடைசியில் அதைக் கழித்துத்தான் பணம் கொடுக்கிறோம். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார். இதை யாராவது சண்டை என்று சொல்கிறோமா? அசிங்கம் என்று நினைக்கிறோமா? வராத பாலுக்குக் கழிக்கிற நாம், வராத வெந்நீருக்கு ஏன் கூச வேண்டும்?

"நான் கேட்கிறேன், நீங்கள் சும்மா இருங்கள்" என்று நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

எவ்வளவு கேட்பது என்பதுதான் பெரிய கேள்வி. ஆத்திரத்தில் பதினைந்தாயிரத்தையும் கேட்கலாம் போலத்தான் இருந்தது. ஆனால் கூரைக்குக் கீழே மூன்று ராத்திரி படுத்தோமே! அதற்கு உரியது அவருக்குச் சேர வேண்டும். ஓட்டல் சாப்பாட்டுச் செலவைக் கேட்கலாமா என்று பார்த்தேன். அதற்கும் ரசீது இருந்தது. அப்போதுதான் அந்த 3,500 ரூபாய் வீடு ஞாபகம் வந்தது. சமையல் இல்லாத, டாய்லெட் மாடியில் இருக்கிற வீடு. 5,000 கொடுத்து நாங்கள் தங்கியது கடைசியில் அப்படிப்பட்ட வீட்டில்தானே! வித்தியாசம் ஒரு ராத்திரிக்கு 1,500. மூன்று ராத்திரிக்கு 4,500. இதைக் கேட்ட பிறகு சாப்பாட்டுச் செலவையும் கேட்டால், ஒரே ஓட்டைக்கு இரண்டு தடவை காசு வாங்கினதாகிவிடும். அதை விட்டேன். கணப்பு மூட்டாததையும் சேர்க்கவில்லை. மழை பெய்ததற்கு அவர் என்ன செய்வார்? பெரியவரின் பேரையும் எழுதவில்லை. நம் 4,500 ரூபாய்க்காக அவர் வேலை போய்விடக்கூடாதல்லவா?

நான் அனுப்பிய கடிதம் இவ்வளவுதான்:

"ஐயா, மே 16, 17, 18 ஆகிய மூன்று இரவுகளுக்கு ரூ. 15,000 செலுத்தித் தங்கினோம். விளம்பரத்தில் சொன்ன கீழ்த்தள டாய்லெட், வெந்நீர், சமையல் காஸ் மூன்றும் இல்லை. முதல் நாள் மாலையே போனில் தெரிவித்தோம். சரி செய்யப்படவில்லை. இந்த வசதிகள் இல்லாத, அதே சாலையில் உள்ள வீட்டின் வாடகை ரூ. 3,500. எனவே வித்தியாசத் தொகை ரூ. 4,500-ஐ 15 நாட்களுக்குள் திருப்பி அனுப்பவும். விளம்பரத்தின் படம், தங்கள் பதில், நாங்கள் எடுத்த புகைப்படங்கள் இணைப்பில்."

போனில் கொட்ட நினைத்த கோபத்தில் ஒரு சொட்டுக்கூட அதில் இல்லை. நானே இரண்டு தடவை படித்துப் பார்த்து வெட்டியெறிந்தேன்!

அன்று மாலையே போன் வந்தது. "என்ன மேடம், சீசன்ல இந்த விலைக்கு யார் வீடு தருவா? மூணு நாளும் இருந்துட்டுத்தானே போனீங்க? வேணும்னா 500 அனுப்பறேன்" என்றார். குரல் நடுங்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "தங்கியதற்கு 10,500 கொடுத்திருக்கிறோம். இல்லாத வசதிக்கு மட்டும்தான் கேட்கிறேன். எழுத்தில் பதில் போடுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நாலு நாள் கழித்து 2,000 என்றார். நான் அதே கடிதத்தை மறுபடி அனுப்பி, கீழே ஒரு வரி சேர்த்தேன்: "குறித்த தேதிக்குள் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வேன்."

இது வெறும் மிரட்டல் இல்லை. வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு அக்காவிடம் விசாரித்துக்கொண்டேன். 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019-ல் புதுச் சட்டம் செய்தார்கள். 2020 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு, சொன்ன வசதியைத் தராமல் விடுவதைச் சேவைக் குறைபாடு என்கிறது சட்டம். குறை நேர்ந்த இரண்டு வருஷத்துக்குள் மனு செய்யலாம். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே செய்யலாம். கோடைக்கானலுக்கு அலைய வேண்டியதில்லை. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம். அதற்கு முன் ஆலோசனை வேண்டுமானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். இவ்வளவு இருப்பது தெரிந்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

பதிமூன்றாம் நாள் வங்கியிலிருந்து செய்தி வந்தது. ரூ. 4,000. கூடவே, "ஐந்நூறு சிலிண்டருக்குச் சொல்லி வச்சதுல போச்சு மேடம், பெரிசு பண்ணாதீங்க" என்று ஒரு வரி. வராத சிலிண்டருக்கு என்ன செலவோ! ஐந்நூறுக்காக இன்னும் இழுக்க எனக்கு மனமில்லை. வாங்கிக்கொண்டேன், பெற்றுக்கொண்டதாக எழுதியும் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அந்த விளம்பரத்தை எடுத்துப் பார்த்தேன். "கீழ்த்தள டாய்லெட் பழுது பார்க்கப்படுகிறது" என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. அடுத்து யாரோ ஒரு மருமகள் ஏமாறாமல் இருப்பாள் அல்லவா? நாலாயிரத்தைவிட அதுதான் எனக்கு அதிக சந்தோஷம்.

சகோதரிகளே, லீவுக்கு வீடு எடுக்கும்போது உங்களுக்கு எது அவசியமோ அதைத் தனியாக எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். விளம்பரத்தை அப்படியே படமாக எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடக்கூடும். போய் இறங்கியதும் பெட்டியைப் பிரிக்குமுன் குழாயைத் திருகுங்கள், அடுப்பைப் பற்றவையுங்கள். குறை இருந்தால் அப்போதே போட்டோ எடுத்து, அப்போதே எழுதித் தெரிவியுங்கள். சரிசெய்ய அவருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டுமே! ஊர் திரும்பிப் பேசாமல் இருந்துவிட்டு மூன்று மாதம் கழித்துக் கேட்டால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். கேட்கும் தொகைக்குக் கணக்கு இருக்கட்டும். கூட்டிக் கேட்காதீர்கள், கூசிக் குறைக்கவும் செய்யாதீர்கள்.

பணம் வந்த விஷயத்தை அத்தையிடம் சொன்னேன். "எனக்காகவா அத்தனை கடிதம் எழுதினே?" என்று கேட்டவர், சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நம்ம வீட்டுப் பாத்ரூமிலேயும் ராத்திரியிலே சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்மா" என்றார் தயங்கித் தயங்கி. எனக்குச் சுருக்கென்றது. ஊரான் வீட்டு டாய்லெட்டுக்கு அத்தனை பேசினேன், என் வீட்டில் இதைப் பார்க்கவில்லையே!

அந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு, கோப்பைக்கு இரண்டு பக்கமும் சுவரில் எஃகுக் கைப்பிடி பதித்தோம், வழுக்காத ஓடும் போட்டோம். கோடைக்கானல் பணம் அதற்குத்தான் போயிற்று. இப்போதெல்லாம் அத்தை ராத்திரி படுக்குமுன் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்.