ஒன்யாங் வெந்நீரும் கன்னியாக் கிணறுகளும்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது வருடங்களுக்கும் மேலாகக் காலங்கழித்த எனக்கு, ஓய்வு என்பது எப்போதும் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்படுகின்ற ஒரு விடயமாகவே இருந்து வந்திருக்கிறது. செய்தி ஆசிரியர் பீடத்தில் பணியாற்றிய எவரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். தேர்தல் முடியட்டும், பேச்சுவார்த்தை முடியட்டும், வரவு செலவுத் திட்டம் முடியட்டும் என்று காத்திருந்தே தலை நரைத்துப் போனவர்கள் நாங்கள்.

கடந்த வருடம் இலையுதிர் காலத்தில், தென்கொரியத் தலைநகர் சியோலில் நடைபெற்ற ஊடகவியலாளர் கருத்தரங்கு ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்புக் கிடைத்தது. கருத்தரங்கு முடிந்து, விமானம் ஏறுவதற்கு முன்னர் இரண்டு நாட்கள் எஞ்சியிருந்தன. அந்த நாட்களில் எங்கு செல்லலாம் என்று கொரியப் பத்திரிகையாளர் ஒருவரிடம் கேட்டேன். அரண்மனைகளையோ கடைத்தொகுதிகளையோ அவர் காட்டுவார் என்றே எதிர்பார்த்தேன். அவரோ என்னை ஒரு கணம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள். ஒன்யாங்குக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள்" என்றார்.

ஒன்யாங், சியோலுக்குத் தெற்கே, அசான் என்ற நகரின் ஒரு பகுதியாக இருக்கிறது. கொரியாவின் மிகப் பழைமையான வெந்நீர் ஊற்றுக்களில் ஒன்று அங்கு உண்டு. சியோலின் முதலாம் இலக்க நகர ரயில் பாதை 2008 டிசம்பரில் அந்தத் திசையில் நீடிக்கப்பட்டதால், சாதாரண நகர ரயிலிலேயே அங்கு சென்றுவிடலாம். பயணம் இரண்டு மணித்தியாலங்களுக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும்.

ரயிலில் ஏறியதும் என் கண்ணில் பட்டது பயணிகளின் வயதுதான். எழுபதைத் தாண்டியவர்களே பெட்டி முழுவதும் நிறைந்திருந்தனர். தென்கொரியாவில் 65 வயதை அடைந்தவர்களுக்கு 1984ஆம் ஆண்டிலிருந்து நகர ரயில்களில் பயணம் இலவசம். அதனால், வீட்டில் தனித்திருக்கும் சியோல் முதியவர்கள் பலர் காலையில் ரயில் ஏறி ஒன்யாங்குக்குப் போய், வெந்நீரில் குளித்து, ஒரு கோப்பை நூடில்ஸ் சாப்பிட்டு, மாலையில் வீடு திரும்புகிறார்கள். இந்த இலவசத்தினால் ஏற்படும் நட்டத்தை யார் தாங்குவது என்று அங்கு ஓயாத விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்தில் இரு பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனால், எதிரே மடியில் ஒரு சிறிய பையுடன் அமைதியாக அமர்ந்திருந்த முதியவர்களைப் பார்த்தபோது, ஒரு அரசாங்கம் பணத்தை இதைவிட மோசமாகச் செலவிட எத்தனையோ வழிகள் உண்டு என்பதே எனக்கு நினைவுக்கு வந்தது.

ஒன்யாங்கின் பெயர் கொரிய வரலாற்றில் மன்னர்களுடன் பின்னிப்பிணைந்தது. 1392 முதல் 1910 வரை நாட்டை ஆண்ட சோசன் வம்சத்தின் மன்னர்கள் பலர் உடல்நலம் தேடி இங்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் முதன்மையானவர் சேஜோங். ஹங்குல் என்ற கொரிய எழுத்துமுறையை ஆக்கி 1446இல் நாட்டுக்கு அறிவித்தவர் அவரே. அந்த எழுத்தின் தந்தை கண்நோயினால் நெடுங்காலம் அவதிப்பட்டவர் என்பது பலருக்குத் தெரியாது. 1433இல் இங்கு எழுப்பப்பட்ட தற்காலிக அரண்மனையில் அவர் தங்கி நீராடினார். தமக்கென ஒதுக்கப்பட்ட தடாகத்தைத் தவிர ஏனையவற்றில் குடிமக்களும் குளிக்கலாம் என்று அனுமதித்ததும் அவரே. ஒப்புநோக்கியே கண்பார்வையைப் பாதி தொலைத்த பத்திரிகைக்காரன் என்ற வகையில், அந்த மன்னர் மீது எனக்கு ஒரு தனி நெருக்கம் ஏற்பட்டது.

1922இல் ரயில் வந்த பின்னர், ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் இது உல்லாசப் பயணிகளின் ஊராகியது. பின்னர் புதுமணத் தம்பதியர் தேனிலவுக்கு வரும் ஊராகியது. 1989இல் வெளிநாட்டுப் பயணத்துக்கான கட்டுப்பாடுகள் முற்றாக நீக்கப்பட்டதும் இளைஞர்கள் வேறு திசைகளில் பறந்துவிட்டார்கள். கொரியாவின் வெந்நீர் ஊர்கள் பலவற்றின் கதையும் இதுதான். தேஜோன் நகரில் 1915இல் தொடங்கப்பட்ட யூசோங் ஹோட்டல் 109 வருடங்களின் பின்னர் 2024 மார்ச்சில் மூடப்பட்டது. ஒன்யாங்கில் எஞ்சியிருப்பவர்கள் முதியவர்களும் வெந்நீரும்தான். களைத்துப்போன ஒருவனுக்கு அதைவிடப் பொருத்தமான கூட்டு இருக்க முடியாது.

நான் தங்கிய இடத்துக்கு அருகில் இருந்த ஒரு பழைய குளியலகத்துக்குச் சென்றேன். கட்டணம் சில ஆயிரம் வொன். சப்பாத்தை ஒரு பெட்டியிலும் உடுப்பை இன்னொரு பெட்டியிலும் வைத்துப் பூட்டி, திறப்பைக் கைமணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்கப்பால் உடலில் எதுவுமே இருக்கக்கூடாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு மண்டபங்கள் என்றாலும், கிணற்றடியில்கூட இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குளித்து வளர்ந்த எனக்குக் கால்கள் எழவில்லை. கையிலிருந்த சிறிய துவாயினால் மறைக்க முடிந்ததை மறைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வயிறு சரிந்தவர், முதுகு கூனியவர், சத்திரசிகிச்சைத் தழும்பு உள்ளவர் என்று எல்லோரும் எல்லோரையும் போலவே இருந்தார்கள். பதவியும் சம்பாத்தியமும் உடுப்புப் பெட்டிக்குள் பூட்டப்பட்டுக் கிடந்தன. சில நிமிடங்களில் என் வெட்கமும் அங்கே போய்ச் சேர்ந்தது.

முதலில் தாழ்வான சிறு இருக்கையில் அமர்ந்து சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும். அதன் பின்னரே தடாகத்தில் இறங்கலாம். ஒவ்வொரு தடாகத்துக்கும் மேலே அதன் வெப்பநிலை எழுதப்பட்டிருந்தது. 38 பாகையில் தொடங்கி 42 பாகை வரை சென்றேன். ஒன்யாங்கின் நீர் காரத்தன்மை கொண்டது. தோலில் வழுவழுப்பாகப் படும். கழுத்துவரை அமிழ்ந்திருந்தபோது, எத்தனையோ வருடங்களாகத் தோள்களுக்குள் இறுகிக் கிடந்த ஏதோவொன்று மெல்ல இளகுவதை உணர்ந்தேன்.

உடல் நன்றாக ஊறிய பின்னர் அழுக்குத் தேய்ப்பது அங்குள்ள வழக்கம். அதற்கென்று சொரசொரப்பான ஒரு பச்சைத் துணி உண்டு. 1960களில் பூசான் நகரில் உருவான அந்தத் துணிக்கு "இத்தாலித் துவாய்" என்று பெயர். பணம் கொடுத்தால் தேய்த்துவிடத் தொழிலாளர் இருக்கிறார்கள். ஆனால், முதுகை மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் ஒப்படைப்பதும் ஒரு பழைய பழக்கம். எனக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தம் தந்தையாரின் முதுகை ஒரு சொல்லும் பேசாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். கிழவர் கண்களை மூடிக் குனிந்திருந்தார்.

நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலும். பக்கத்தில் இருந்த, எண்பது வயதை எட்டிய ஒரு முதியவர் என் தோளைத் தட்டி, தம் முதுகைச் சுட்டிக்காட்டிப் பச்சைத் துணியை நீட்டினார். பின்னர் என் முதுகைச் சுட்டிக்காட்டினார். கொடுக்கல் வாங்கல் விளங்கியது. "ஸ்ரீலங்கா" என்றேன். அவர் முகம் மலர்ந்து "பேக்டரி, பேக்டரி" என்றார். 2004இல் செய்யப்பட்ட உடன்பாட்டைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான இலங்கையர் கொரியத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். என்னையும் அவர்களில் ஒருவனாக எண்ணிவிட்டார். நான் திருத்த முனையவில்லை.

அவருடைய முதுகு மெலிந்து, எலும்புகள் எண்ணத்தக்கதாக இருந்தது. மெதுவாகத் தேய்த்தேன். இன்னும் பலமாக என்று கையால் சைகை செய்தார். அந்தக் கணத்தில்தான் கன்னியா நினைவுக்கு வந்தது.

திருகோணமலை நகரிலிருந்து ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் கன்னியாவை வாசகர்கள் பலர் அறிவார்கள். ஒன்றுக்கொன்று சூடு வேறுபட்ட ஏழு சிறு கிணறுகள். தாயின் ஈமக்கடனைச் செய்வதற்காக இராவணன் நிலத்தில் வாளை ஊன்றி உண்டாக்கியவை என்பது ஐதீகம். எங்கள் ஊரவர்கள் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைகளை அங்குதான் செய்வார்கள். சிறுவனாக இருந்தபோது அப்பா என்னைச் சைக்கிளில் முன்னால் வைத்து அங்கு கூட்டிச் செல்வார். ஏழு கிணறுகளிலும் வரிசையாக வாளியில் அள்ளித் தலையில் ஊற்றுவார். பின்னர் தென்னந்தும்பினால் முதுகைத் தேய்ப்பார். எரியும். "பொறடா, ஊத்தை போகட்டும்" என்பார். அவருடைய முதுகை நான் ஒருநாளும் தேய்த்ததில்லை. அவர் கேட்டதுமில்லை.

அவர் என்னிடம் கேட்டது ஒரேயொரு தடவைதான். 1990 மார்ச் 24ஆம் திகதி இந்திய அமைதிப்படையின் கடைசி அணி திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. அதன் பின்னரான வாரங்களில் கொழும்பில் எங்களுக்குச் செய்திகள் குவிந்துகொண்டிருந்தன. ஏப்ரலில் அப்பாவின் கடிதம் வந்தது. உடம்பு சரியில்லை, ஒருதடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்று இரண்டே வரிகள். விடுமுறை கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அடுத்த மாதம் வருகிறேன் என்று பதில் எழுதினேன். மே மாதத்திலும் அதையே எழுதினேன். ஜூன் 11ஆம் திகதிக்குப் பின்னர் யுத்தம் மூண்டது. பாதை மூடுண்டது. ஆடி மாதத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். செய்தி எனக்கு எட்டியபோது எட்டாம் நாள் கழிந்திருந்தது. அன்றிரவும் பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பிவிட்டுத்தான் அறைக்குப் போனேன். முப்பத்தோராம் நாளில் கன்னியாவுக்குப் போக வழியில்லை.

பாதை மூடியிருந்ததால் போக முடியவில்லை என்றே இத்தனை வருடங்களும் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய்யல்ல. ஆனால் பாதை திறந்திருந்த இரண்டு மாதங்களைப் பற்றி எவரிடமும் சொன்னதில்லை. செய்தியில் ஒரு பாதியை மட்டும் வெளியிடுவது பிழை என்று எத்தனையோ இளம் நிருபர்களுக்குப் பாடம் சொன்னவன் நான்.

முதியவர் எழுந்து, இப்போது உன் முறை என்பதுபோல என்னைத் திருப்பி உட்கார வைத்தார். எண்பது வயதுக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதுகு எரிந்தது. கண்களில் நீர் வந்தது. அந்த மண்டபத்தில் எல்லோருடைய முகமும் நனைந்தே இருந்ததால் அதை எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். முடிந்ததும் ஒரு வாளி வெந்நீரை என்மேல் ஊற்றிவிட்டு, வெளியே வந்து எனக்கொரு வாழைப்பழப் பால் வாங்கித் தந்தார். குளித்த பின்னர் அதைக் குடிப்பது அங்குள்ள சம்பிரதாயம். காசு கொடுக்க முனைந்தேன். வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் காலை, பழைய அரண்மனை இருந்த நிலத்தில் இப்போதுள்ள விடுதியின் தோட்டத்துக்குச் சென்றேன். அங்கே யோங்க்வேதே என்றழைக்கப்படும் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1760இல் பட்டத்து இளவரசர் சாடோ உடல்நலம் தேடி ஒன்யாங்குக்கு வந்தபோது அவ்விடத்தில் வில்வித்தை பயின்றார். நிழலுக்காக மூன்று மரங்களையும் நடுவித்தார். இரண்டு வருடங்களின் பின்னர், 1762இல், மனநோய்க்கு ஆளாகியிருந்த அவரைத் தந்தையான யோங்ஜோ மன்னரே ஓர் அரிசிப் பெட்டிக்குள் அடைக்கச் செய்தார். எட்டு நாட்களில் அவர் இறந்தார். அப்போது சாடோவின் மகனுக்கு வயது ஒன்பது. அந்த மகன் 1776இல் ஜொங்ஜோ மன்னராக அரியணை ஏறினார். தந்தையின் உடலை 1789இல் சுவோனுக்கு மாற்றிப் புதிய கல்லறை அமைத்தார். 1795இல் ஒன்யாங்கில் இந்தக் கல்லை நாட்டினார். நான் வந்த ரயில் அந்த சுவோன் ஊடாகத்தான் வந்தது.

தந்தை இறந்து 33 வருடங்கள் கழித்து, அவர் சில நாட்கள் நிம்மதியாக இருந்த ஓர் இடத்தைத் தேடிக் கல் நாட்டியிருக்கிறான் ஒரு மகன். காலம் கடந்துவிட்டது என்று அவன் எண்ணவில்லை.

அன்று 9ஆம் திகதி. 4, 9 என்று முடியும் நாட்களில் ரயில் பாதையின் கீழே சந்தை கூடும். வெங்காயம், மிளகாய்த்தூள், காய்ந்த மீன் ஆகியவற்றின் வாசனைக்கு நடுவே நடந்து, நிலையத்துக்கு அருகே இருந்த கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டியில் அமர்ந்தேன். சந்தைப் பைகளுடன் வந்த பெண்கள் இடம் ஒதுக்கித் தந்தார்கள். கைத்தொலைபேசியை எடுக்கவில்லை. உலகத்தில் அன்று என்ன நடந்தது என்று மாலைவரை எனக்குத் தெரியாது. பத்திரிகைக்காரனான பின்னர் அப்படியொரு நாள் எனக்கு வாய்த்ததே இல்லை.

இந்த வருட ஆடி அமாவாசைக்குக் கன்னியாவுக்குப் போவதென்று தீர்மானித்திருக்கிறேன். பாதை திறந்திருக்கிறது. விடுமுறை கேட்டுக் கடிதம் எழுதுவதற்கும் இப்போது எனக்கு அலுவலகம் இல்லை.